லாட நண்டும் வீட்டுத் தொட்டியும்

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவனிடம் ஊரில் எல்லாரும் வந்து எதையாவது கேட்பார்கள். கீழக்கரையில் என் நிலைமை அதுதான். முன்பு கடல்குதிரை கேட்டார்கள். 2001-லிருந்தே அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது, தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பவளம் கேட்டார்கள். அதற்கும் அதே பதில்தான். இப்போது கொஞ்ச காலமாக லாட நண்டு, அதாவது குதிரை லாடம் போல ஓடுள்ள கடல் பிராணி, கேட்கிறார்கள். அக்கா மகன் ஒருநாள் கைபேசியும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, இது நம்ம பக்கம் கிடைக்குமா? தொட்டி மணலைப் பூரா இதுவே கிளறிச் சுத்தம் பண்ணிருமாம். லேசுல சாகவும் சாகாதாம்."

திரையில் ஏதோ ஒரு அமெரிக்க வீட்டுத் தொட்டி. உள்ளங்கையில் பாதி அளவுள்ள லாட நண்டுக் குஞ்சு ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு மணலை உழுதபடி போகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த நாட்டில் அதைக் கடைகளில் விற்கிறார்கள் என்பதும் உண்மை. அவனுக்கு அன்றைக்கு வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன். இனி யார் கேட்டாலும் படிக்கச் சொல்லலாம்.

முதலில், அது நம் கடலின் பிராணி இல்லை. உலகத்தில் லாட நண்டு மொத்தம் நான்கே இனங்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒன்று. மற்ற மூன்றும் ஆசியாவில். இந்தியாவில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன. ஒன்று ஒடிசாவின் பாலேசுவரம் கரையில் நிறைய உண்டு. இன்னொன்று அலையாத்தி மரங்களும் சேறும் சேர்ந்த இடங்களை விரும்புவது. அதற்கு சுந்தரவனம்தான் பேர்போன இடம். இரண்டுமே நம் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். யாராவது "ஆள் இருக்கு, வாங்கித் தர்றேன்" என்று சொன்னால் அந்த ஆளையும் சேர்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

சட்டத்தைச் சொன்னதோடு பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் சட்டம் என்று மட்டும் சொன்னால், "அப்போ அமெரிக்காக்காரன் மட்டும் வளர்க்கலாமா" என்று பையன் கேட்பான். கேட்கவும் செய்தான். அவர்களும் வளர்க்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம் அதன் வயிறு.

வேலை விஷயமாகப் பாலேசுவரம் போனபோது பக்கத்தில் சாந்திப்பூர் கடற்கரைக்குப் போயிருக்கிறேன். நம் தென்கடலையே பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கடல் புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. வற்றம் வந்தால் தண்ணீர் ஐந்து கிலோமீட்டர் வரை உள்வாங்கிப் போய்விடுகிறது. நம் பக்கம் வற்றம் என்றால் வல்லம் தரைதட்டும், அவ்வளவுதான். அங்கே கடல் கிடந்த இடத்தில் வெறும் ஈரமணல், அதில் ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்த மணலில்தான் ஒரு பெட்டை லாட நண்டு மல்லாந்து கிடந்தது. வலையில் மாட்டியதைக் கழற்றி எறிந்திருப்பார்கள் போலும்.

குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் கவிழ்த்துப்போட்ட சட்டிதான், ஒன்றும் தெரியாது. அடிப்பக்கத்தில்தான் அந்தப் பிராணி முழுவதும் இருக்கிறது. ஐந்து ஜோடிக் கால்கள், அவற்றுக்கு முன்னால் இடுக்கி வைத்த குட்டியான ஒரு ஜோடி. கால்கள் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்த நடுவில்தான் வாய். தாடை கிடையாது, பல் கிடையாது. கால்களின் அடிப்பகுதியில் முள்முள்ளாக இருக்கிறதே, அதுதான் அரைக்கும் கருவி. கால் அசைந்தால்தான் இரை அரைபடும், நடந்தால்தான் சாப்பாடு. அதற்குப் பின்னால் ஏடு ஏடாக அடுக்கிய செவுள்கள், ஈரம் காயாமல் மெதுவாக மூடித் திறந்துகொண்டிருந்தன. அந்த ஈரம் இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியேயும் அது மூச்சு விடும். வாலை மணலில் ஊன்றிப் புரளப் பார்த்தது. மணல் இளகிக்கிடந்ததால் பிடி கிடைக்கவில்லை. புரட்டிவிட்டேன். ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு, நேராகத் தண்ணீர் இருந்த திசையில் கிளம்பியது. போன வழியெல்லாம் மணலில் அகலமாக ஒரு தடம், நடுவில் வால் இழுத்த கோடு.

பெயரில்தான் நண்டு. சிலந்திக்கும் தேளுக்கும்தான் அது நெருங்கிய உறவு. கனடாவில் கிடைத்த புதைபடிவத்தை வைத்து, சுமார் 44.5 கோடி வருஷத்துக்கு முன்பே இந்த வம்சம் இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டைனோசர் வந்ததே ஏறத்தாழ 23 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். "லேசுல சாகாது" என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. இத்தனை கோடி வருஷம் தாண்டி வந்தது என் தொட்டியில் இருக்காதா என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் கொஞ்சம் சமாளிக்கும். வாடைக்காலத்தில் வடகடல் பக்கம் எடுக்கிற தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். அதை அப்படியே ஊற்றினால் என் தொட்டி மீன்கள் சுணங்கிப்போகும். லாட நண்டு அதைப் பொருட்படுத்தாது. பசியையும் அது மாதக்கணக்கில் தாங்கும். சிக்கலே அதுதான்.

எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும். என் பெரியம்மா மகன், காக்கா என்று கூப்பிடுவேன், ஜோகூரில் இருக்கிறார். அந்தப் பக்கத்துச் சேற்றுக்கரைகளில் அலையாத்தி லாட நண்டு உண்டு. பெலாங்காஸ் என்று சொல்லி அதன் முட்டையைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். (ஆளைக் கொல்லும் நஞ்சு அந்த முட்டையில் சில சமயம் இருக்கும். பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு. தாய்லாந்தில் சாவுகளும் நடந்திருக்கின்றன.) காக்காவுக்கு மீனவர் ஒருவர் சின்னதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நாலடித் தொட்டி, நல்ல ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். எதிலும் குறை சொல்ல முடியாது. நான் போயிருந்தபோது ராத்திரி முழுக்க அது தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. "பாத்தியா, என்ன சுறுசுறுப்பு" என்றார். மாதங்கள் கழித்து ஒருநாள் அசையாமல் கிடந்தது. தூங்குகிறது என்று விட்டுவிட்டார்கள். நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மணலுக்குள் அழுகியதால் அமோனியா ஏறி, தொட்டியிலிருந்த மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன.

அந்தச் சுற்றல் இரை தேடிய சுற்றல். மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டும், முதுகுச் சதை வற்றும், பார்த்த உடனே தெரியும். லாட நண்டுக்கு ஓடு சுருங்காது. உள்ளே சதை கரைந்து முக்கால்வாசி காலியானாலும் வெளியே அதே அளவு, அதே மினுக்கம். அடைத்து வைத்து வளர்த்தவற்றை ஆராய்ந்தவர்கள் இதன் இரத்தத்தையும் பார்த்திருக்கிறார்கள். நமக்கு இரத்தத்தில் இரும்பு, அதற்குச் செம்பு. அதனால்தான் காற்றுப் பட்டால் இரத்தம் நீலமாகத் தெரிகிறது. சரியான தீனி இல்லாமல் அடைபட்டுக் கிடந்தால் இரத்தத்தில் உள்ள புரதம் குறைந்துகொண்டே வரும், நீலமும் வெளிறும். வெளியிலிருந்து பார்க்கிற வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை.

"இறாலை வெட்டிப் போட்டால் தின்னாதா?" தின்னும். அதற்கு இறால் கிடக்கிற இடத்தின் மேல் அது ஏறிப் போகவேண்டும். அதற்குள் தொட்டி மீன்கள் கொத்திக்கொண்டு போய்விடும். அக்கறையுள்ளவர்கள் அதைக் கையில் எடுத்து மெதுவாக மல்லாத்தி, நடுவாயில் மட்டிச்சதையோ இறால் துண்டோ வைத்து, கால்கள் அதை இழுத்துக்கொள்கிறதா என்று பார்த்து, திருப்பி விடுவார்கள். அதை நாள் தவறாமல், வருஷக்கணக்கில் செய்யவேண்டும். அமெரிக்க இனம் பருவத்துக்கு வரவே ஒன்பது முதல் பதினோரு வருஷம் ஆகும். இருபது வருஷம் வரை வாழும். அதுவரை நீங்கள் ஊருக்குப் போகாமல், காய்ச்சலில் படுக்காமல், கல்யாணக் காரியம் எதுவும் வராமல் இருக்கவேண்டும்.

அது உண்மையில் உயிரோடு இருக்கிற மணலைத் தேடுகிறது. மணல் உயிரோடு இருக்கும் என்பதைத் தொட்டி வைத்தவர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள். என் தொட்டியில் ஒரு சாண் ஆழத்துக்கு நைசான மணல் போட்டிருக்கிறேன், கடையில் வாங்கியது. கடல்நீரை மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத லார்வாக்களும் கூடவே வந்து குடியேறிவிடுகின்றன. விளக்கை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, கண்ணாடியோரம் டார்ச் அடித்துப் பார்த்தால் மணலுக்குள் நூல்நூலாகக் குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புழு தலையை நீட்டி, மேலே படிந்த தூளை இழுத்து உள்ளே கொண்டுபோகும். வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் சுருங்கிவிடும். இடையே அரிசிக்குறுணை அளவில் பூச்சிகள் பக்கவாட்டில் ஓடும். மீன் விட்ட மிச்சத்தை எல்லாம் தின்று தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பது இந்தக் கூட்டம்தான். ஸ்கிம்மரைவிட இவற்றைத்தான் நான் நம்புகிறேன்.

லாட நண்டு சுத்தம் செய்யும் என்கிறார்களே, அது தின்று தீர்ப்பது இந்தக் கூட்டத்தைத்தான். ஒடிசாக் கரையில் பிடித்தவற்றின் குடலைத் திறந்து ஆராய்ந்தபோது சிப்பி, மட்டி வகைதான் அதிகம் இருந்தது. சின்னவை புழுக்களைத் தின்னும். கடலில் ஒரு இடத்தில் இரை குறைந்தால் அடுத்த இடத்துக்குப் போகும். தொட்டியில் ஏது அடுத்த இடம்? கொஞ்ச நாளில் மணலைச் சுத்தமாகத் துடைத்துவிடும். அப்புறம் மணலும் செத்தது, அதுவும் பட்டினி. பார்ப்பவருக்கோ மணல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதால், வேலை நன்றாக நடக்கிறது என்ற எண்ணம்.

அளவையும் யோசிக்கவேண்டும். கடையில் விற்கிற குஞ்சு ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் கால் பங்குக்கு மேல் பெரிதாகும். சாதாரண நண்டு பின்பக்கமாக ஓட்டை விட்டு வெளியேறும். இது முன்விளிம்பில் பிளந்து முன்னோக்கித் தவழ்ந்து வரும். அந்த வேளையில் உடம்பு மெத்தென்று இருக்கும். தொட்டியில் கூரான பவளத்துண்டு, சிப்பித்தூள் இருந்தால் அடிப்பக்கம் கிழிந்துவிடும். அமெரிக்கப் பெட்டை வாலோடு சேர்த்து இரண்டடி வரை வளரும். நாலடித் தொட்டியில் இரண்டடிப் பிராணி எந்தப் பக்கம் திரும்பும்?

இன்னொன்று சொல்லவேண்டும், மீன் வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை ஊற்றுவது வழக்கம். இரத்தத்திலேயே செம்பு உள்ள பிராணிதானே, இதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கக்கூடாது. தண்ணீரில் கரைந்த செம்பு லாட நண்டு, இறால், நத்தை எல்லாவற்றுக்கும் விஷம்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்ட்லைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதன் கண்நரம்பை ஆராய்ந்துதான் பார்வை எப்படி வேலை செய்கிறது என்பதில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தார். 1967-இல் நோபல் பரிசும் பெற்றார். இரவானால் அந்தக் கண் வெளிச்சத்தை உணரும் திறன் பகலைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை ஏறும் என்பது பிறகு வந்த ஆய்வுகளில் தெரிந்தது. நிலவு வெளிச்சமே போதும் அதற்கு. அதைக் கொண்டுவந்து, கூடத்தில் ராத்திரி பதினொரு மணி வரை எல்.இ.டி. எரிகிற தொட்டியில் விடுகிறோம்.

நமக்கு அது செய்திருக்கிற உபகாரமும் சின்னதில்லை. அதன் நீல இரத்தத்தில் உள்ள செல்கள், பாக்டீரியா விட்டுச்சென்ற நஞ்சு துளி பட்டாலும் உறைந்து கட்டியாகும். இந்தக் குணத்தை வைத்து பாங், லெவின் என்ற இருவர் 1960-களில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 1977-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஊசிமருந்து, தடுப்பூசி, குளுக்கோஸ் பாட்டில் என்று உடம்புக்குள் நேராகப் போகிற மருந்துகள் சுத்தமா என்று பார்க்க உலகம் இதைத்தான் நம்பியிருந்தது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அதில் பங்குண்டு. இதற்காக லட்சக்கணக்கில் பிடித்து, இரத்தம் எடுத்து, கடலில் விடுகிறார்கள். விட்டவற்றில் ஒரு பகுதி செத்தும்போகின்றன. இப்போது அந்த இரத்தம் இல்லாமலே சோதிக்க வழி வந்துவிட்டது. அதற்கான மரபணுவைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது, காக்கா தொட்டியில் வைத்திருந்த அதே அலையாத்தி இனத்திலிருந்து. ஐரோப்பிய மருந்துத் தர நூல் 2021 முதல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருந்துக்காகவே இனி பிடிக்கவேண்டாம் என்ற நிலை வருகிறபோது, அலங்காரத்துக்காகப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் யாருமே வளர்க்கக் கூடாதா? ஹாங்காங்கில் 2009-இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. அவர்கள் வளர்க்கும் இனம் வேகமாகக் குறைந்துவருகிறது. 2019-இல் அழியும் ஆபத்தில் உள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆய்வகத்தில் பொரித்த குஞ்சுகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, அளவெடுத்து எழுதிவைத்து, கடைசியில் சேற்றுக்கரைக்குப் போய்த் தங்கள் கையாலேயே விடுகிறார்கள். அந்தத் தொட்டிகளை நான் ஒத்துக்கொள்வேன். பிராணி கடலிலிருந்து தொட்டிக்கு வரவில்லை, தொட்டியிலிருந்து கடலுக்குப் போகிறது. சொல்லிக்கொடுக்க ஆய்வாளர்கள் கூடவே இருக்கிறார்கள். பாலேசுவரம் பக்கத்துப் பள்ளிகளில் அரசு அனுமதியோடு இதுபோல நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

அக்கா மகனுக்கு வேறு யோசனை சொன்னேன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் நுட்பத்தை உருவாக்கிப் பயிற்சியும் கொடுத்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த மீனுக்குத் தொட்டிதான் சொந்த ஊர், அரைத்த தீனியும் அதற்குப் பழக்கம். இப்போது அவன் தொட்டியில் அப்படிப்பட்ட ஒரு ஜோடியும், காலிச் சங்கில் குடியிருக்கும் சின்ன நண்டுகள் கொஞ்சமும் இருக்கின்றன. மணலைக் கிளற அந்த நண்டுகளே போதும். சங்கு பத்தாமல் போனால் பெரிய சங்காகப் பார்த்துப் போடவேண்டும், அவ்வளவுதான். ராத்திரியில் டார்ச் அடித்துப் புழு பார்க்கிற பழக்கமும் அவனுக்கு வந்துவிட்டது. குழாய் எத்தனை என்று நோட்டில் எழுதுகிறான்.

லாட நண்டைப் பார்க்கும் ஆசை மட்டும் அவனுக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம். பூரிக்குப் போகிறவர்கள் இன்னும் வடக்கே போனால் பாலேசுவரம். முட்டையிட அது கரையேறுவது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில். பெட்டையின் முதுகைப் பற்றிக்கொண்டு ஆணும் கூடவே வரும். மல்லாந்து கிடப்பதைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு கழன்றுவிடும். ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துப் புரட்டி, ஈரமணலில் தண்ணீரைப் பார்க்க வைத்தால் போதும். கடிக்காது, கொட்டவும் செய்யாது. படமெடுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காமல், தரையில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.